சாமிக்கு அங்கே என்ன வேலை

வருஷத்தில் ஒரு மண்டலம் மட்டும் எங்கள் வீட்டில் அப்பாவை எல்லோரும் சாமி என்று கூப்பிடுவோம். மற்ற நாட்களில் அம்மா அவரைக் கூப்பிட்ட பெயர்களை அச்சில் போட முடியாது. கார்த்திகை பிறந்ததும் கறுப்பு வேட்டியும் துளசி மாலையும் நெற்றி நிறையச் சந்தனமுமாக நிற்பவரும், மலைக்குப் போய் வந்த மறுநாளே வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் ஓடையோரம் கிடப்பவரும் ஒரே ஆள்தான் என்பதில் எனக்கு ஒன்பது வயது வரைக்கும் முழு நம்பிக்கை வந்ததில்லை. சாமி எனக்குத் தலை வாரி விடுவார். அப்பா என்னைப் பார்த்து, "யாருட்டி நீ?" என்பார்.

நாங்கள் அப்போது திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்தின் அக்ரஹாரத் தெருக்கள் முடிகிற இடத்துக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். நானும் கைக்குழந்தையாக இருந்த தம்பியும் இங்கேயே பிறந்தவர்கள். அம்மாவுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், ஆனால் அதற்கு அவர் நிதானத்தில் இருக்க வேண்டுமே! அதனால் கரண்ட் பில்லில் இருந்து பஸ் போர்டு வரை வாசித்துச் சொல்ல என்னைத்தான் இழுத்துக்கொண்டு அலைவார்கள். நானும் கலெக்டர் மாதிரி நிமிர்ந்து நின்று வாசிப்பேன்.

அப்பாவுக்கு சாலைக் கம்போளத்தில் ஒரு பாத்திரக் கடையில் வேலை. கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நீளமாகப் போகிற கடைத்தெரு அது. அங்கே மலையாளம் தெரியாமல் பிழைத்துவிடலாம், தமிழ் தெரியாமல் ஒரு கட்டு கொத்தமல்லி வாங்குவது கஷ்டம். கடையில் அப்பா செய்தது பாத்திரத்தில் பேர் வெட்டுகிற வேலை. குடம், தூக்குவாளி, சம்படம் எல்லாவற்றிலும் கொடுக்கிறவர் பேரும் வாங்குகிறவர் பேரும் வெட்டித் தர வேண்டும். கையில் பிடிக்கிற சின்ன மிஷின், டர்ர்ர் என்று சத்தம் போடும். எங்கள் வீட்டுத் தம்ளர்களில் என் பேரைத் தமிழில் ஒரு பக்கமும் மலையாளத்தில் மறுபக்கமும் வெட்டித் தந்திருந்தார். எழுத்து அவ்வளவு அழகு.

ஆனால் காலையில் அவர் கை நிற்காது. சட்டைப் பொத்தானைப் போடுவதற்குள் அம்மா இரண்டு தோசை சுட்டுவிடுவாள். கை நிற்பதற்காக வேலைக்குப் போகிற வழியில் குடிப்பார். குடித்ததால் மறுநாள் கை இன்னும் ஆடும். ஒன்றாம் தேதி அரசாங்க மதுக்கடை அடைப்பு என்பது இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அப்பா முந்தின நாளே வரிசையில் நின்று வாங்கி வைத்துவிடுவார். வேறு எதிலும் அவ்வளவு முன்யோசனை உள்ள மனிதர் கிடையாது.

அந்த வருஷம் ஆவணியில் அக்ரஹாரத்தில் ஒரு கல்யாணம். சீர்ப் பாத்திரம் முழுக்க அப்பாதான் பேர் வெட்டினார். பெண்ணின் அப்பா ஒரு குடத்தைக் கையில் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாராம். "என்னய்யா இது, கொழந்தை கிறுக்கினாப்ல இருக்கு? இதைக் கொண்டுபோய் சம்பந்தி ஆத்துல எப்படி வைக்கறது?" என்று கேட்டாராம். கடை முதலாளி அண்ணாச்சி அப்பாவின் ஊர்க்காரர், கோபமே வராத மனுஷர். அவர் அப்பாவிடம் சத்தம் போடாமல், "ஒரு மாசம் பாப்பேன்டே. கை நிக்கலேன்னா வேற ஆளப் போட்டுக்கிடுவேன். வருத்தப்படாத" என்றார். இதை அப்பா வீட்டில் வந்து சொன்னபோது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

பக்கத்து வீட்டு சேச்சிதான் அந்தக் கூட்டத்தைப் பற்றி முதலில் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கோட்டையைத் தாண்டி ஒரு சர்ச் வளாகத்தில் நடக்கிறது, குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் கூடி உட்கார்ந்து பேசுவார்கள் என்றாள். அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"குடிகாரப் பயலுவ எல்லாம் ஒண்ணா கூடுனா குடிக்காம பின்ன என்ன செய்வானுவ? பஜனையா பாடுவானுவ?"

"அய்யோ, அங்ஙன அல்ல. மருந்தில்ல, அடியில்ல, பைசாவும் வேண்டா. வெறுதே இருந்து பேசும், அத்ரதான். என்றெ சேட்டன் அங்க போயிட்டுத்தானே நேரெயாச்சு" என்றாள் சேச்சி.

"வெறும் பேச்சுலயா? நான் பேசாத பேச்சா!" என்றாள் அம்மா. அது உண்மைதான். அம்மா பேசிய பேச்சுக்கு ஒரு மலையே குடியை விட்டிருக்கும்.

ஆச்சரியம் என்னவென்றால் அப்பா மறுக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, "வாரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டாள். பையில் ஒரு தேங்காயும் ஒரு சீப்புப் பழமும் எடுத்து வைத்தாள். எங்கள் ஊர்ப்பக்கம் குடியை விடுவதென்றால் கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் செய்வார்கள். அது போல ஏதோ ஒன்று என்று நினைத்துவிட்டாள். தம்பியைச் சேச்சியிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் நடந்தோம். சேச்சி சொன்ன சர்ச் கிடைத்தது. கூட்டம் கிடைக்கவில்லை. நான் கண்ணில் பட்ட போர்டுகளை எல்லாம் வாசித்தேன். தையல் வகுப்பு, கம்ப்யூட்டர் வகுப்பு, ரத்ததானம், வேதபாட வகுப்பு எல்லாம் இருந்தது. குடியை விடுகிற இடம் என்று எங்கேயும் எழுதவில்லை. எழுத மாட்டார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

வாசலில் லாட்டரி விற்கிறவரிடம் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இங்ஙன ஒரு கூட்டம் நடக்குமாமே?"

"எந்து கூட்டம்?"

குடிகாரர் கூட்டம் என்று சொல்ல அம்மாவுக்கு நாக்கு எழவில்லை. "ஒரு விசேஷம்..." என்று இழுத்தாள். அவர் எங்கள் அம்மாவின் பட்டுச் சேலையைப் பார்த்தார், பையில் இருந்து எட்டிப் பார்த்த பழத்தைப் பார்த்தார், ஒரு பெரிய ஹாலைக் கை காட்டிவிட்டார்.

உள்ளே யாருக்கோ கல்யாண நிச்சயம். மேடையில் பூ அலங்காரம், மைக்கில் பாட்டு. நாங்கள் விழித்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு பெண் சிரித்த முகமாகத் தட்டை நீட்டினாள். ஆளுக்கு ஒரு துண்டு கேக், கூடவே கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் கிளாஸில் சிவப்பாக ஏதோ. அது திராட்சை ஒயின் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்தது. அவர் கை தானாக நீண்டு எடுத்துவிட்டது. அம்மா வெடுக்கென்று பிடுங்கினாள். பிடுங்கிவிட்டாளே தவிர அதை எங்கே வைப்பது, யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. தட்டுக்காரப் பெண் நகர்ந்துவிட்டாள், பின்னால் இருந்து ஆட்கள் நெருக்குகிறார்கள். அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அதைத் தானே குடித்துவிட்டாள்.

வாழ்க்கையில் வாடை கூடத் தாங்காத மனுஷி. வெளியே வந்து மரத்தடியில் நின்று முந்தானையால் வாயைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். "என் தலையெழுத்தப் பாத்தியாட்டி! ஒங்கப்பன் குடிய நிறுத்த வந்து நான் குடிச்சிட்டு நிக்கேன்." நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை.

அந்த நேரம் வளாகத்துக் காவல்காரர் வந்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லங்க, ஒரு கல்யாண விஷயமா..." என்று ஆரம்பித்தாள். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. அப்பாவின் முகத்தையும் கைகளையும் ஒரு தரம் பார்த்தார். "பின்னில், மாடியில். தொடங்ஙியிட்டில்ல, செல்லு" என்று கட்டிடத்தின் பின்பக்கப் படியைக் காட்டினார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் வழி நெடுகக் கேட்டேன்.

மேலே ஒரு வகுப்பறை. பெஞ்சுகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். சட்டை இன் பண்ணிய ஆள், லுங்கி கட்டிய ஆள், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி குடை வைத்திருந்த ஒரு பெரியவர் என்று பத்துப் பன்னிரண்டு பேர். குடைக்காரர் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆடுகிற கையை யாரும் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. அம்மாவிடம், இது குடிநோய் உள்ளவர்கள் மட்டும் உட்காருகிற கூட்டம், குடும்பத்தார் வராந்தாவில் இருக்கலாம் என்று பணிவாகச் சொன்னார். தேங்காயையும் பழத்தையும் என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் பழத்தை எல்லோரும் ஆளுக்கொன்றாகச் சாப்பிட்டார்கள்.

"பேரு மட்டுந்தான் கேட்டாவ" என்றாள் அம்மா, திரும்பி வரும்போது. "என்ன ஊரு கேக்கல, என்ன ஆளுவ கேக்கல, எங்க வேலைன்னு கேக்கல. இது என்ன கூட்டமோ!" நாள் முழுக்க ஊரார் பேரை இனிஷியலோடு வெட்டுகிற அப்பா முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் காவல். தம்பியை வைத்துக்கொண்டு அம்மாவால் வர முடியாது. அப்பா வழியில் வேறு எங்கும் திரும்பாமல் அந்தப் படியில் ஏறுகிறாரா என்று பார்ப்பது என் வேலை. போலீஸ்காரி மாதிரி அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு போவேன். அவர் உள்ளே போனதும் நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். கட்டன் சாயாவும் ரஸ்க்கும் தருவார்கள். உள்ளே ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேச மாட்டார்கள். எங்கள் வகுப்பில்கூட அப்படி ஓர் ஒழுங்கு இல்லை. சில சமயம் எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள். சில சமயம் யாராவது மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். இரண்டு வாரம் விடுவார், ஒரு நாள் குடிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடித்த வாடையோடே கூட்டத்துக்குப் போனார். அன்றும் உள்ளே விட்டார்கள், அன்றும் குடைக்காரர் கையைப் பிடித்தார். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "குடிச்சிட்டு வந்தவனயும் உக்கார வைக்கானுவளே, வெளங்குமா?" என்று கத்தினாள். ஆனால் அண்ணாச்சி சொன்ன ஒரு மாசம் தாண்டிப் போயிற்று. அவர் வேறு ஆளைப் போடவில்லை. அப்பா வெட்டுகிற எழுத்து மறுபடி நேராக ஆரம்பித்திருந்தது. வீட்டில் ஒரு புது டிபன் பாக்ஸில் தம்பி பேரை வெட்டிக்கொண்டு வந்து காட்டினார். அம்மா அதை விளக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ம்" என்றாள். அவளிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

ஐப்பசியில் ஒரு நாள், ஜன்னல் வழியாக அப்பா குரல் கேட்டது. அவர் வாய் திறந்து பேசி அன்றுதான் கேட்டேன். பேரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று மலையாளத்தில் ஆரம்பித்தார். பிறகு பாதி மலையாளமும் பாதி தமிழுமாக, "கார்த்திகை வருது. எனக்கு மாலை போட பேடியா இருக்கு" என்றார். "மாலை கழுத்துல கெடக்கிற வரைக்கும் குடிக்க மாட்டேன். அது சாமிக்குப் பயந்து. ஆனா போட்ட அன்னிலேர்ந்து மனசு கழட்டுற நாளத்தான் எண்ணிக்கிட்டுக் கெடக்கும். பதினெட்டுப் படி ஏறும்போதும் அதான் நெனப்பு. சாமி முன்னால நிக்கும்போதும் அதான்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமி சன்னதியில் நின்றுகொண்டு யாராவது அப்படி நினைப்பார்களா? சாமி கண்ணைக் குத்தாதா?

வீட்டுக்கு வந்ததும் அம்மா வழக்கம் போல, "என்ன பேசுனாவ?" என்றாள்.

"அப்பா சாமியைப் பத்திப் பேசுனாங்க. மாலை போடப் பயமா இருக்காம்" என்றேன். எனக்கு விளங்கியது அவ்வளவுதான்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இருக்கட்டும், இருக்கட்டும். அந்தப் பயம் இருந்தாப் போதும்" என்று சாமி படத்துக்கு முன்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கார்த்திகை நெருங்கியபோது அப்பா மெதுவாக, "இந்த வருஷம் மலைக்கு வேண்டாமே" என்றார். அம்மா கேட்பாளா? வருஷா வருஷம் போகிறதை நிறுத்தினால் குடும்பத்துக்கு ஆகுமா, குடியை விட்டதே அந்தச் சாமி கிருபையில்தானே, குருசாமியிடம் சொல்லியாயிற்று என்று அடுக்கினாள். அப்பா மாலை போட்டுக்கொண்டார். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். வீட்டில் மறுபடி சாமி! காலையில் எனக்குத் தலை வார ஆள் வந்தாயிற்று.

முதல் ஞாயிற்றுக்கிழமை சாமி குளித்து, கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "வா மக்கா, நேரமாச்சு."

அம்மா வாசலை மறித்து நின்றாள். "எங்க கெளம்பிட்டிய?"

"கூட்டத்துக்கு."

"நல்லாருக்கே! மாலை போட்ட சாமி குடிகாரங்க கூட்டத்துல போயி உக்காரலாமா? அவனுவ சாயா குடுப்பானுவ, ரஸ்க்கு குடுப்பானுவ. எவன் குடிச்சிட்டு வந்து பக்கத்துல உக்காருவானோ! தீட்டுல்லா? இப்பந்தான் குடிக்கவே இல்லயே. சாமிக்கு அங்க என்ன வேலை?"

"ஒரு மணிக்கூறுதான். போயிட்டு ஓடி வந்துருதேன்."

"மாலைய வச்சிக்கிட்டு வேண்டாம். எல்லாம் கழட்டினப்பொறம் போவலாம்."

பக்கத்து வீட்டு சேச்சி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "போகட்டே, ஒண்ணும் குழப்பமில்ல. அவிடெ ஐயப்பன்மாரும் வரும்" என்றாள். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாமி கொஞ்ச நேரம் செருப்பில்லாத காலோடு வாசலில் நின்றார். மாலை போட்டவர் கோபப்படக் கூடாது, எதிர்த்துப் பேசக் கூடாது. உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். எனக்கும் அம்மா சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. நல்லவராகிவிட்டவருக்குக் கெட்டவர்கள் கூட்டத்தில் என்ன வேலை?

அடுத்த ஞாயிறும் போகவில்லை, அதற்கடுத்ததும் போகவில்லை. சாமி பிறகு கேட்கவே இல்லை. கடையில் அவர் கை சும்மா கல் மாதிரி நின்றதாம். அண்ணாச்சியே கூப்பிட்டுப் பாராட்டினாராம். அம்மா எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாமி என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். கோட்டை வாசலுக்கு நேரே போகாமல் சுற்றிக்கொண்டு போகிறாரே என்று நான் நினைப்பதற்குள் சர்ச் வளாகத்துக்கு எதிர்த் தெருவில் வந்து நின்றுவிட்டார். மாடியில் விளக்கு எரிந்தது. ஜன்னலில் ஒரு முதுகு தெரிந்தது. குடைக்காரர் சாலையைக் கடந்து அவசரமாக வந்தவர், எங்களைப் பார்த்து நின்றார். அப்பாவின் கழுத்தில் கிடந்த மாலையைப் பார்த்துக் கை கூப்பி, "சாமி சரணம்" என்றார். அப்பாவும் கை கூப்பினார். "வருந்நோ?" என்று கேட்டார் குடைக்காரர். அப்பா என்னைக் குனிந்து பார்த்தார். பெரியவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கேட்டுக்குள் போய்விட்டார்.

என் கை அப்பாவின் கைக்குள் இருந்தது. அது நடுங்கிக்கொண்டிருந்தது. வாரக்கணக்கில் நடுங்காத கை.

"குளிருதா சாமி?" என்று கேட்டேன்.

அவர் அந்த ஜன்னலைப் பார்த்தபடியே, "ஆமா மக்கா, குளிருது" என்றார்.

"அப்ப வாங்க சாமி, கோயில்ல நடை சாத்திருவாங்க" என்று இழுத்தேன். வந்துவிட்டார்.

மலைக்குப் போய்த் திரும்பிய அன்று குருசாமி மாலையைக் கழற்றினார். அப்பா எனக்கு அரவணைப் பாயசம் டின்னைத் திறந்து கொடுத்தார். "கருவேப்பில வாங்கிட்டு வாரேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மத்தியானம் யாரோ ஒரு ஆட்டோக்காரர் அவரைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவே சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள். "இப்பப் போங்க. மாலைதான் இல்லயே, போங்க" என்று கெஞ்சினாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "இனி என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவ?" என்றார். அவ்வளவுதான். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாக அந்தப் படியேறிப் போய்ச் சொன்னாள். குடைக்காரரும் இன்னொருவரும் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா பேர் வெட்டிய தம்ளரில் சாயா குடித்துக்கொண்டு அவருடைய முதுகிடம் பேசினார்கள். கோபப்படவில்லை, புத்தி சொல்லவில்லை, தங்கள் கதையையே சொன்னார்கள். பிறகும் பல ஞாயிறு வந்தார்கள். அவர்கள் வருகிற நேரம் தெரிந்ததும் அப்பா முன்கூட்டியே வெளியே போய்விட ஆரம்பித்தார். கடையில் அண்ணாச்சி வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பங்குனிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்பா அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். இருந்தார் என்று சொல்லலாம். அந்த மாடிக்கு மட்டும் மறுபடி ஏறவே இல்லை. அடுத்த கார்த்திகையில் மாலையும் போடவில்லை. அம்மாவும் போடச் சொல்லவில்லை. நான் பிளஸ் ஒன் படிக்கும்போது வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார். எடுக்கிற அன்று அந்த மாடியிலிருந்து நாலைந்து பேர் வந்து தள்ளி நின்றார்கள். குடைக்காரருக்கு ரொம்ப வயதாகியிருந்தது. ஊரிலிருந்து வந்த மாமா, "இவுகள்லாம் யாரு?" என்று கேட்டார். அம்மா, "அவியளுக்கு வேண்டியவுக" என்றாள். சொல்லிவிட்டு, "சாமிக்கு அங்க என்ன வேலைன்னு கேட்டேனே, பாவி, கேட்டேனே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. துக்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்று தண்ணீர் கொடுத்தார்கள்.

நான் இப்போது கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஆபீஸ் ஏசியில் மார்கழி என்றில்லை, எல்லா மாதமும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். சில ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க ஸ்ரீவராகம் வரும்போது, வேண்டுமென்று இல்லை, கால் அந்தத் தெரு வழியாகப் போகும். மாடியில் இப்போதும் விளக்கு எரிகிறது. யாராவது ஒருவர் கேட்டுக்கு எதிரே உள்ளே போவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருப்பார். போன மார்கழியிலும் அப்படி ஒருவர் நின்றார். நானும் கொஞ்ச நேரம் நின்றேன்.

திருவனந்தபுரத்தில் மார்கழி சாயங்காலம் எப்படி இருக்கும் என்று இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு ஒன்பது வயதிலும் தெரிந்திருக்க வேண்டும். அப்பா குளிருது என்ற அன்றைக்கும் என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. கேட்டுக்கு எதிரே நின்றபடி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தேன். வியர்த்து ஊற்றியது.